தண்ணியில் இருந்தவர்

மரக்காணத்து உப்பளத்தில் போய் "இராயப்பன் எங்கே?" என்று யாரைக் கேட்டாலும் உடனே பதில் வரும்: "அவரு தண்ணியில இருக்காரு." கேட்டவர் வெளியூராக இருந்தால் ஒரு மாதிரி பார்ப்பார், உள்ளூராக இருந்தால் பாத்தியைப் பார்த்து நடப்பார். உப்பளத்தில் வேலை இரண்டு விதம். உப்பை வாரிக் குவிக்கிறவர்கள் "உப்புல" இருக்கிறார்கள். பாத்திக்குப் பாத்தி நீரைத் திறந்து விட்டு, வெயில் பார்த்து, எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்கிறவர் "தண்ணியில" இருக்கிறார். இராயப்பன் இருபத்தெட்டு வருஷம் தண்ணியில் இருந்தார்.

அவர் விரலை நீரில் விட்டுத் தேய்த்துப் பார்த்து "இன்னும் ரெண்டு நாளு" என்றால் ரெண்டு நாள்தான். முதலாளி கண்ணாடிக் கருவி ஒன்று வாங்கி வந்து நீரில் மிதக்க விட்டு உப்பின் அளவு பார்ப்பார். பார்த்துவிட்டு, "இன்னா இராயப்பா, சரியா இருக்குதா?" என்று இவரிடமே கேட்பார். அதில் இராயப்பனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, வேறு எதில்தான் அந்த மனிதர் தலைக்கனம் காட்டினார்?

அவரிடம் இன்னொரு குணம் உண்டு. அதைக் குணம் என்பதா கோளாறு என்பதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவு பதில் சொல்வார். ஒரு வார்த்தை கூட்ட மாட்டார், குறைக்க மாட்டார். "சாப்பிட்டீங்களா?" என்றால் "சாப்பிட்டேன்". நீங்கள் சாப்பிட்டீர்களா என்று திருப்பிக் கேட்கவும் தெரியாது. இப்படிப்பட்டவரை ஆஸ்பத்திரியிலும் போலீஸிலும் கோர்ட்டிலும் கொண்டு போய் நிறுத்தினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

ஒளிக்க வேண்டாம், முன்பு குடித்தவர்தான். மகள் ஜெர்லின் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை அன்று, வெள்ளை கவுன் போட்டு வரிசையில் நின்றவள், தள்ளாடி வந்த அப்பாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லாரும் பார்க்க, பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு, இனி தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை, மச்சான் செத்த அன்று, வழுக்கிவிட்டார். வீட்டில் சொல்லவில்லை. அவர் சொல்லாவிட்டாலும் வாசம் சொல்லிவிட்டது. மனைவி அற்புதமேரி சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்ப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆறு வருஷம், ஒரு சொட்டு கிடையாது.

விபத்து நடந்தது 2022 மே மாதம், ஒரு சனிக்கிழமை. உப்பு நன்றாக விளைகிற நேரம். விடிகாலை நாலு மணிக்குத் தண்ணியில் இறங்கியவர், ஒன்பது மணிக்கு ஏறி, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஈ.சி.ஆர். ஓரமாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். பத்தடி பின்னால் இன்னொரு சைக்கிளில் அரசப்பன், அதே உப்பளத்தில் உப்பு வாருகிறவர். பாண்டிச்சேரியில் ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு, விடிந்தபிறகும் கொஞ்சம் குடித்துவிட்டு, நாலு பையன்கள் ஒரு வெள்ளைக் காரில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரோடு அவ்வளவு அகலமாக இருந்தும் அந்தக் காருக்குப் பத்தவில்லை. மண் ஓரத்தில் இறங்கி இராயப்பனைத் தூக்கி வாய்க்காலில் போட்டது.

ஓட்டியவன் கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினான். "ஸாரி அங்கிள், ஸாரி அங்கிள்" என்று வாய்க்காலுக்குச் சொல்லாமல் எதிரே இருந்த மின்கம்பத்துக்குச் சொன்னானாம். அரசப்பன் இதை எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது. அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. கோர்ட் பேப்பரில் அவனுக்கு எதிர்மனுதாரர் ஒன்று என்று பெயர், அவன் காருக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனிக்கு எதிர்மனுதாரர் இரண்டு என்று பெயர். அதுவே போதும்.

போலீஸ் வந்தது, அவனை அழைத்துப் போனது. அவன் ரத்தத்தை எடுத்துச் சோதிக்க வேண்டும் இல்லையா? எடுத்தார்கள். மறுநாள் சாயங்காலம் எடுத்தார்கள். அதற்குள் அவன் குளித்து, சாப்பிட்டு, தூங்கி, அவனுடைய மாமாவோ சித்தப்பாவோ, செல்வாக்குள்ள ஒருவர் சட்டைப்பையில் பேனாவோடு வந்து சேர்ந்து, ரத்தமும் தெளிந்துவிட்டது. மதுவின் அறிகுறி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது.

இந்தப் பக்கம் இராயப்பனைப் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டு போய்ப் போட்டார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. தாடையும் விலகியிருந்ததால் பேச்சு குழறியது. பணியில் இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர், நல்லவர், அன்று காலையில் இவர் அவருக்குப் பதினேழாவது கேஸ். பக்கத்தில் நர்ஸ். நடந்த பேச்சை இராயப்பன் ஒரு வார்த்தை விடாமல் சொல்வார்.

"எங்கய்யா இருந்து வர்றீங்க?"

"தண்ணியில இருந்து வர்றேங்க."

"தண்ணியிலயா? காலங்காத்தாலயா?"

"நாலு மணியில இருந்து தண்ணியிலதாங்க."

"தினமும் இப்படித்தானா?"

"தினமும்தாங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் பூசை முடிஞ்சப்புறம்."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தெட்டு வருஷம் ஆவுதுங்க."

நர்ஸ் தாங்க முடியாமல், "வீட்ல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"அவளும் முன்ன தண்ணியிலதாங்க இருந்தா. பொண்ணு பொறந்தப்புறம் வுட்டுட்டா."

டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். என்ன எழுதினார் என்று அப்போது யாருக்கும் தெரியாது. கால் பிழைத்தால் போதும் என்று எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். காலுக்குள் கம்பி வைத்தார்கள். நாற்பது நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நடக்க வந்தது, ஆனால் உப்பு நீரில் கால் வைத்தால் எலும்புக்குள் குத்தியது. தண்ணியில் இருந்தவரை முதலாளி கொட்டகையில் உட்கார வைத்தார். மூட்டைக்கு வாய் தைக்கிற வேலை. பாத்தி கூப்பிடு தூரம்தான். அங்கே வேறொருவன் நீரைத் தப்பாகத் திறந்து விடுவதைப் பார்த்துக்கொண்டே இராயப்பன் சாக்கு தைத்தார்.

நஷ்டஈட்டுக் கேஸ் போட்டது வக்கீல் வைஜெயந்தி. கறாரான பெண், வேலையில் சுத்தம். ஐந்து மாசம் கழித்து ஆஸ்பத்திரி ரெக்கார்டின் நகல் அவர் கைக்கு வந்தது. படித்துவிட்டு இராயப்பனையும் அற்புதமேரியையும் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இராயப்பண்ணே, என்கிட்ட மறைக்கக் கூடாது. நீங்க குடிப்பீங்களா?"

"இல்லைங்களே."

"இதுல என்ன எழுதியிருக்குது தெரியுமா? நோயாளி இருபத்தெட்டு வருஷமா தினமும் மது அருந்துபவர். விபத்தன்னைக்கு விடிகாலை நாலு மணியிலிருந்து குடிச்சிருக்கார். பேச்சு குழறுது. இதெல்லாம் நோயாளியே சொன்னதுன்னு எழுதியிருக்குது."

இராயப்பன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "தண்ணியில இருந்தேன்னு சொன்னேம்மா. உப்பளத்துத் தண்ணி!" என்று கத்தினார். வைஜெயந்திக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பாவம், அடக்கப் பார்த்தும் முடியவில்லை. இராயப்பனும் கூடச் சேர்ந்து சிரித்தார். இதில் என்ன இருக்கிறது, சொன்னால் திருத்திவிடுவார்கள் என்றுதான் அவர் நினைத்தார். அற்புதமேரி மட்டும் சிரிக்கவில்லை. அதை அன்று யாரும் கவனிக்கவில்லை.

ஆக, காகிதப்படி நிலவரம் இது: காரை ஓட்டியவன் யோக்கியன், சைக்கிளில் வந்தவர் குடிகாரர். குடிபோதையில் சைக்கிளை வளைத்து ஓட்டிக் கார் மேல் விழுந்தார் என்று எதிர்மனுதாரர் இரண்டு பதில் போட்டது. இதைப் படித்துக் காட்டியபோது இராயப்பன் மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னார். நஷ்டஈடு வராவிட்டால் போகிறது, அந்த எழுத்து அழிய வேண்டும் என்று அன்று அவர் மனசில் விழுந்தது. பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டது அவர் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய காரியம். அதை ஒரு வார்த்தையை வைத்து ஒருவர் ரப்பர் போட்டு அழித்துவிட்டால் எப்படிச் சும்மா இருக்க முடியும்?

ஆஸ்பத்திரியில் ரெக்கார்டு பிரிவுக்குப் போனார். "எழுதினதைத் திருத்த எங்களுக்கு அதிகாரம் இல்லை, கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்றார்கள். அந்தச் சின்ன டாக்டரைக் கேட்டார். மேல்படிப்புக்கு வடக்கே போய்விட்டாராம். ஸ்டேஷனுக்குப் போனார். "அது ஆஸ்பத்திரி சமாச்சாரம், இங்க எதுக்கு வர்றீங்க?" என்றார்கள். கோர்ட்டில் கேட்டால், அதைத்தானே விசாரிக்கப் போகிறோம், வரிசைப்படி வரும் என்றார்கள். வரிசை வரவில்லை, வாய்தாதான் வந்தது. ஒரு நாள் ஜட்ஜ் லீவு. ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு. ஒரு நாள் இன்சூரன்ஸ் வக்கீலுக்குக் காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, கம்பி வைத்த காலோடு படியேறி, சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினார். காய்ச்சல் அவர்களுக்கு, கால்வலி இவருக்கு.

கோயில் பங்குச்சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தார். "இவர் மது அருந்துவதில்லை என்று சபையறிய வாக்குக் கொடுத்தவர்" என்று அழகாக எழுதி முத்திரையும் குத்தியிருந்தது. எழுதியவரே வந்து சாட்சி சொன்னால்தான் இது செல்லும் என்றார் வைஜெயந்தி. சாமியாருக்கு அதற்குள் வேறு பங்குக்கு மாற்றல் ஆகியிருந்தது.

இரண்டே கால் வருஷம் கழித்து இராயப்பன் கூண்டில் ஏறினார். இன்சூரன்ஸ் வக்கீல் நரைத்த தலை, சாந்தமான முகம், குரலை உயர்த்தவே மாட்டார்.

"விபத்தன்று தண்ணியில் இருந்ததாக டாக்டரிடம் சொன்னீர்களா, இல்லையா?"

"சொன்னேங்க. ஆனா அது வந்து..."

"சொன்னீர்களா?"

"சொன்னேங்க."

"நன்றி, உட்காருங்கள்."

சரி, அரசப்பன் இருக்கிறாரே, அவர் வாயால் விஷயத்தை வெளியே கொண்டு வரலாம் என்று வைஜெயந்தி திட்டம் போட்டார். ஆபீஸில் உட்கார வைத்து மூன்று நாள் சொல்லிக் கொடுத்தார். "தண்ணி என்ற வார்த்தையே உங்க வாயில வரக் கூடாது. உப்பு நீர்னு சொல்லணும். எங்க இருந்தாருன்னு கேட்டா, உப்பு நீர்ல வேலை செஞ்சிக்கிட்டு இருந்தாருன்னு சொல்லுங்க." அரசப்பன் பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஜெபம் சொல்கிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கூண்டில் ஏறி அப்படியே பிசகாமல் சொன்னார். இராயப்பன் கர்த்தருக்கு நன்றி சொன்னார்.

நரைத்த தலை எழுந்தது.

"உப்பு நீர். நல்ல தமிழ். உங்கள் உப்பளத்தில் எல்லாரும் உப்பு நீர் என்றுதான் சொல்வீர்களா?"

அரசப்பன் சத்தியம் செய்துவிட்டு நிற்கிறவர். முழித்தார்.

"இல்லைங்க. தண்ணின்னுதான் சொல்லுவோம்."

"பின்னே இங்கே ஏன் உப்பு நீர்?"

"வக்கீலம்மாதாங்க அப்படி சொல்லச் சொன்னாங்க. தண்ணின்னு சொன்னா கேசு பூடும்னாங்க."

கோர்ட்டே சிரித்தது. சொல்லிக் கொடுத்த சாட்சி என்று குறித்துக்கொண்டார்கள். வைஜெயந்தி காகிதங்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார். தண்ணி என்றுதான் சொல்லுவோம் என்ற அந்த ஒரு வரி இராயப்பனுக்குச் சாதகமான வரி. ஆனால் அந்தச் சிரிப்பில் அது யார் காதிலும் ஏறவில்லை. வெளியே வந்து அரசப்பன், "இன்னாப்பா, நான் உண்மையத்தானே சொன்னேன்?" என்றார். இராயப்பனுக்கு அவரை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகுதான் வைஜெயந்தி மக்கள் நீதிமன்றத்தைப் பற்றிப் பேசினார். இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒரே நாளில் முடித்துக்கொள்வது. கம்பெனி ஓரளவு நல்ல தொகைக்கு இறங்கி வருகிறது. கேஸை நடத்தினால் அரசப்பன் சாட்சிக்குப் பிறகு பாதி கிடைக்கலாம், ஒன்றும் கிடைக்காமலும் போகலாம். காலில் இருக்கும் கம்பியை எடுக்க வேறு ஆபரேஷன் பாக்கி. "முடிச்சிக்கலாம்ணே. என் மேலயும் தப்பு இருக்குது" என்றார். அற்புதமேரி அன்றிரவே பிடித்துக்கொண்டார். முடித்துவிடு, முடித்துவிடு என்று ஒரு வாரம். இராயப்பன் கடைசியில் சரி என்றார்.

மக்கள் நீதிமன்றம் கூடிய சனிக்கிழமை கோர்ட் வளாகத்தில் திருவிழாக் கூட்டம். ஒரு நீள மேஜை, அதற்குப் பின்னால் ஓய்வு பெற்ற ஜட்ஜ் ஒருவர். கம்பெனி ஆள் காகிதத்தை நீட்டினார். இராயப்பன் கை கட்டி நின்று கேட்டார்.

"ஐயா, தொகை நீங்க இன்னா போட்டாலும் சரிங்க. வேணும்னா கொறச்சிக்கங்க. நான் குடிச்சேன்னு எழுதினதை மட்டும் எடுத்துடுங்க."

ஜட்ஜ் நல்ல மனிதர், பொறுமையாகச் சொன்னார். "இங்க யார் மேல தப்புன்னு பாக்கறதில்லைங்க. ரெண்டு பேருக்கும் சம்மதமா, கையெழுத்து, அவ்வளவுதான். அப்பீலும் கிடையாது. அந்த ரெக்கார்டு ஃபைலோட உள்ள போயிடும். இனிமே அதை யார் எடுத்துப் படிக்கப் போறாங்க?"

யாரும் படிக்க மாட்டார்கள்தான். இராயப்பனுக்கும் அது தெரிந்தது. மூன்று வருஷம் அலைந்த கால் வலித்தது. யோசித்துப் பார்த்தால் ஊரில் ஒருவரும் அவரைக் குடிகாரர் என்று சொல்லவில்லை. பேனாவை வாங்கினார். காகிதத்தில் அவர் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. குனிந்தார்.

கொஞ்சம் தயங்கியிருப்பார் போல. பக்கத்தில் நின்ற அற்புதமேரி அவர் முதுகில் கை வைத்து, காதோரமாக, அன்பாகச் சொன்னார்.

"போட்டுடுய்யா. அன்னைக்கு நீ குடிச்சிருந்தாதான் இன்னா இப்போ? நான் ஒரு வார்த்தை கேட்டனா?"

இராயப்பன் நிமிர்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. இத்தனை நாள் அந்த அம்மாள் அவரைக் கைத்தாங்கலாகப் பஸ் ஏற்றிவிட்டதும், காலுக்கு ஒத்தடம் கொடுத்ததும், பார்த்துப் பார்த்துச் சோறு போட்டதும், குடித்துவிட்டுப் பொய் சொல்கிற ஒரு மனுஷனுக்கு. அப்படி நம்பிக்கொண்டேதான் செய்து, மன்னித்தும் விட்டிருக்கிறார். இராயப்பன், செய்யாத தப்புக்கு இத்தனை நாளும் மன்னிப்பு வாங்கிக்கொண்டு அந்த அம்மாள் பக்கத்திலேயே படுத்திருந்திருக்கிறார். காரில் வந்தவன்மேல்கூட அவருக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

"நான் குடிச்சேன்னா நெனச்சிக்கினு இருக்க?"

அற்புதமேரி முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

இராயப்பன் பேனாவை மூடி மேஜையில் வைத்தார்.

"ஐயா, எனக்குக் கையெழுத்து வேணாங்க. வாய்தா போடுங்க."

வைஜெயந்தி "அண்ணே!" என்று அவர் கையைப் பிடித்தார். கம்பெனி ஆள் தலையில் கை வைத்துக்கொண்டார். ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெரியவரே, இதுக்கு மேல யாருகிட்ட போய் நிரூபிக்கப் போறீங்க? ஊருக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கே உங்களைப் பார்த்தா தெரியுது."

கேட்ட கேள்விக்குக் கேட்ட அளவு பதில் சொன்னார் இராயப்பன்.

"ஒரு ஆளு பாக்கி இருக்குதுங்க."

ஜட்ஜ் அவரையும் அற்புதமேரியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கேஸைப் பழைய கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பி, ஆகஸ்ட் பதினெட்டு என்று தேதி எழுதிக் கொடுத்தார்.